மூசா நானாவின் மூக்கும் என் வாயும்

மூசா நானாவைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவர் மூக்கைப் பத்திச் சொல்லணும். பெரிய மூக்கெல்லாம் இல்லே. சப்பையா, நுனியில ஒரு அம்மைத் தழும்போட, சாதாரண மூக்குதான். ஆனா மலாயாவுல, எங்க பிரிக்பீல்ட்ஸ்ல சுருட்டுக் குடிக்கிறவங்க அத்தனை பேரும் அந்த மூக்கை நம்பித்தான் கிஃபாயத்துல்லா கடைக்கு வந்தாங்க. அங்க கட்டைச் சுருட்டு வாங்கினா தொண்டை கமறாதுன்னு பேரு. அந்தப் பேரு முதலாளியால வந்ததில்லே, கடையில வேலை பார்த்த மூசா நானாவால வந்தது. நானான்னா அவங்க முறையில அண்ணன்.

கட்டைச் சுருட்டு தெரியும்ல? குட்டையா, தடியா, ஆம்பளைக் கட்டைவிரல் கணக்கா இருக்கும். கிள்ளான்ல இருந்தும் செமினியில இருந்தும் வீட்ல வச்சுச் சுருட்டுறவங்க கூடையைத் தூக்கிக்கிட்டு வந்து கடை வாசல்ல குந்தியிருப்பாங்க. நானா கூடையில கையை விட்டு அடியில இருந்து ஒண்ணு எடுப்பார். மேல இருக்கறதைத் தொடவே மாட்டார். "மேல இருக்கறது பொண்ணு பார்க்க வந்தப்போ கட்டின சேலைலா, அதை வச்சு முடிவு பண்ண முடியுமா?"ம்பார். எடுத்ததைக் காதோரமா வச்சு மெல்ல அமுக்குவார். நொறுங்கற சத்தம் வந்தா ரொம்பக் காஞ்சிருக்கு. சத்தமே வரலேன்னா ஈரம் போகல. அப்புறம் மோந்து பார்ப்பார். அப்புறம்தான் பத்த வைப்பார். ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான். அதைப் பலகை ஓரத்துல வச்சிட்டு ஊர்க்கதை பேசுவார். அது தானா அணைஞ்சு போச்சுன்னா கூடைக்காரன் எந்திரிச்சுப் போயிடணும். நெருப்பு ஒரு பக்கமா ஓடினாலும், சாம்பல் கறுப்பா விழுந்தாலும் அதே கதிதான். சாம்பல் வெளுப்பா, உதிராம நின்னாத்தான் கூடை உள்ளே போகும். வாயைத் தொறந்து 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்ல மாட்டார், மனுஷன். சொன்னா என்ன, பல்லா கொட்டிடும்?

நான் நல்லம்மா. கடைக்குப் பின்னால வரிசையா கட்டின லயத்துல எங்க வீடு. நானும் சுருட்டுக் குடிப்பேன். மூஞ்சியைச் சுளிக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி செமினித் தோட்டத்துல புல்லு வெட்டினவ நான். விடியக்காலையில அந்தக் கொசுவுக்கும் அட்டைக்கும் நடுவுல ஒரு நாள் நின்னு பாருங்க, நீங்களும் குடிப்பீங்க. ஆனா நானாவுக்கு அது பிடிக்காது. நான் கடையில ஒரு சுருட்டை எடுத்து, "இது காறுது நானா"ன்னா, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவார். நானும் விட மாட்டேன். "கழுதை காசு கொடுத்துத்தான் வாங்குது"ம்பேன். இப்படியே எங்களுக்குள்ள தெனமும் ஏதாவது ஒரு சண்டை.

எங்க வீட்டுக்காரர் பேரை வச்சும் என்னை வம்புக்கு இழுப்பார். நான் அவர் பேரைச் சொல்ல மாட்டேன். இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்லே. கட்டினவன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லி வளர்த்தா. புத்துக்குள்ள இருக்குமே, நாம பால் ஊத்துவமே, அதோட பேருதான். நானா வேணும்னே, "யாரைத் தேடறே நல்லம்மா? பேரைச் சொன்னாத்தானே தெரியும்"ம்பார். "புத்துச்சாமியைத்தான்"னு சொல்லுவேன். கடையே சிரிக்கும். எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார், வெக்கங்கெட்ட மனுஷன்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஜப்பான்காரன் வந்ததோட போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ரெயில்வேயில நிலக்கரி அள்ளுற வேலை. வெள்ளைக்காரன் ஓடினதோட அதுவும் ஓடிப்போச்சு. அரிசி இல்லே. காலையில மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி மரவள்ளிக்கிழங்கு. சேலை கிழிஞ்சா சாக்கு. ஊர்ல இருந்து புகையிலைக் கப்பல் வர்றது நின்னதும் பப்பாளி இலையைக் காயவச்சுச் சுருட்டி வித்தாங்க. நானா அதை மோந்து பார்த்துட்டு, "இதைக் குடிக்கறதுக்குப் பாயைக் கொளுத்திக் குடிக்கலாம்"னார். அப்பவும் கடையைத் தொறந்து வச்சுக்கிட்டு, வர்ற ஒண்ணு ரெண்டு கூடையையும் அடியில கையை விட்டுத்தான் பார்த்தார். நாகூர்ல அவர் சம்சாரம் ஜெய்னம்பு. சண்டை ஆரம்பிச்சதுல இருந்து ஒரு தகவல் இல்லே. "எனக்கு இங்க ஏதாவது ஆச்சுன்னா உட்கார்ந்து அழக்கூட ஆளில்லே நல்லம்மா"ன்னு ஒரு தடவை சொன்னார். "ஏன், முதலாளி அழுவாரே"ன்னேன். "அவர் புகையிலைக்குத்தான் அழுவார்"னார்.

அந்த வருஷம்தான் ஜப்பான்காரன் சயாமுக்கு ரெயில்பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பிச்சான். முதல்ல கூலி தர்றேன், அரிசி தர்றேன்னு கூப்பிட்டான். போனவன் எவனும் திரும்பலேன்னதும் எவனும் போகல. அப்புறம் என்ன, லோரியைக் கொண்டு வந்து தெருவை அடைச்சு நிறுத்தி, நடந்து போறவனையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனான். கையில பட்டி கட்டியிருந்தா தொட மாட்டான். பட்டின்னா வெள்ளைத் துணியில சிவப்பு முத்திரை போட்டது. பட்டாளத்துக்கு வேலை செய்யறவங்களுக்கு மட்டும் கொடுப்பான். எங்க வீட்டுக்காரருக்கும் இல்லே, மூசா நானாவுக்கும் இல்லே. லோரிச் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் கடைக்குப் பின்னால கரி மூட்டைக்கு நடுவுல போய்ப் பதுங்குவாங்க. எனக்கு வயித்துல சோறும் இல்லே, கண்ணுல தூக்கமும் இல்லே. அந்த வருஷத்தை நெனைச்சா இப்பவும் உடம்பு சோர்ந்து போகுது.

நோன்பு மாசம் வந்துச்சு. பட்டாளத்துக்குச் சாமான் வாங்குற அதிகாரி ஒருத்தன் பட்டப்பகல்ல கடைக்கு வந்து இறங்கினான். கூடவே அவன் பேசறதை நமக்குச் சொல்ற ராதாகிருஷ்ணன். முன்னாடி ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணியா இருந்த பையன்தான், பாவம், பயந்த சுபாவம். வெளியூர்ல இருந்து பெரிய அதிகாரிங்க வர்றாங்க, அவங்களுக்கு நல்ல கட்டைச் சுருட்டு வேணும், போன தடவை அனுப்புனது மட்டம்னு அதிகாரிக்கு மேலே இருக்கறவன் அவனைக் கன்னத்துல அறைஞ்சுட்டானாம். மூணு கூடையைக் கொண்டு வந்து வச்சு, "இதுல எது நல்லதுன்னு இங்கேயே குடிச்சுப் பார்த்துச் சொல்லணுமாம். சரியாச் சொன்னா பட்டி தருவாராம்"னு ராதாகிருஷ்ணன் சொன்னான்.

பட்டின்னதும் எனக்கு உசிரே வந்துச்சு. நானா மட்டும் அசையல. "நோன்பு. புகை உள்ளே போகக்கூடாது"ன்னார்.

முதலாளி கிஃபாயத்துல்லா அவர் காதுல குசுகுசுன்னு கெஞ்சினார். "உசிருக்கு ஆபத்துன்னா முறிச்சிட்டுப் பின்னாடி இன்னொரு நாள் நோத்துக்கலாம் மூசா. மார்க்கத்துல இடம் இருக்கு."

"இருக்கு முதலாளி, எனக்கும் தெரியும்"னார் நானா. "வருஷம் பூரா பட்டினி. அதெல்லாம் அவன் போட்ட பட்டினி. இது ஒண்ணுதான் நானே என் இஷ்டத்துக்கு இருக்கற பட்டினி. இதையும் அவனுக்குத் தூக்கிக் கொடுக்கவா?"

அதிகாரிக்கு மூஞ்சி செவக்க ஆரம்பிச்சுது. எனக்கோ நானா மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. பிடிவாதம் பிடிக்கற நேரமா இது? நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னால போனேன். "இங்க பாருங்க நானா, நான் இழுக்கறேன். நீங்க அமுக்கிப் பாருங்க, மோந்து பாருங்க, சாம்பலைப் பாருங்க. வாய்க்குள்ள எப்படி இருக்குன்னு நான் சொல்றேன்"னேன். பொம்பளை சுருட்டைப் பத்த வச்சதும் அதிகாரி கண்ணை அகட்டிப் பார்த்தான், அப்புறம் சிரிச்சான். எனக்கென்ன, சிரிச்சுத் தொலையட்டும்.

கிள்ளான் கூடைச் சுருட்டு நாக்கு நுனியில எரிஞ்சுது. சொன்னேன். நானா சாம்பலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்பாங் கூடைச் சுருட்டு இழுக்கவே வரல, கன்னம் வலிச்சுது. செமினிச் சுருட்டு மெதுவா வந்துச்சு, கடைசியில ஒரு இனிப்பு, வறுத்த கடலை வாசனை. "இது"ன்னேன். நானா ஏற்கெனவே அந்தக் கூடை மேல கையை வச்சிருந்தார். புகை தன் பக்கம் வராம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டார். தலையில அந்தப் பழைய கறுப்புத் தொப்பி, நெத்தியில வேர்வை, உதடு வெடிச்சுக் கிடந்துச்சு.

அதிகாரிக்குச் சந்தோஷம். சட்டைப் பையில இருந்து பட்டியை எடுத்து என் கையில கட்டிட்டான்! குடிச்சவதானே ருசி பார்த்தவ, அவன் கணக்கு அப்படி. நான் அதைக் கழட்டி நானாகிட்ட நீட்டினா, அவன் 'பக்கேரோ'ன்னு அவன் பாஷையில திட்டி என் கையைத் தட்டிவிட்டான்.

அவன் போனதும் நானா குதிச்சார். "மூக்கு என்னோடது, பட்டி உனக்கா?"ன்னார். "நோன்பு உங்களது, இருமல் எனக்கா?"ன்னு நானும் கேட்டேன். ராதாகிருஷ்ணன்தான் நடுவுல வந்தான். "பெருநாள் கழிஞ்சா நானாவே குடிச்சுப் பார்க்கலாம். அப்ப அவர் பேருக்குக் கேட்டு வாங்கித் தர்றேன்லா, கொஞ்சம் பொறுங்க"ன்னான். அன்னிக்குப் பொழுது சாய்ஞ்சு நோன்பு தொறந்தப்புறம் நானா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னார். ஒரு கிண்ணத்துல கஞ்சி. கஞ்சின்னா தண்ணிதான், நாலு பருக்கை மிதந்துச்சு. "என் நோன்பைக் காப்பாத்திக் கொடுத்திருக்கே. மறக்க மாட்டேன்"னார். வாங்கிக்கிட்டேன். "கிண்ணத்தை நாளைக்குத் தர்றேன்"னு சொல்லி உள்ளே போயிட்டேன்.

பெருநாள் வந்துச்சு. தொழுகை முடிஞ்சதும் நானா வந்து, முதலாளி வீட்ல கிழங்குப் பாயசமாம், வாங்கன்னு எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போனார். நல்ல நாளும் அதுவுமா ஆள் பிடிக்க மாட்டான்னு ரெண்டு பேரும் நெனைச்சிட்டாங்க. தெருமுனையில லோரி நின்னுச்சு. பாசாருக்குக் காய் வாங்கப் போயிட்டு வந்த பொம்பளைங்க ஓடி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரெண்டு பேரையும் பிடிச்சு ஏத்திட்டான், ரெயில் யார்டுக்குப் பக்கத்துல ஒரு கொட்டாயில அடைச்சு வச்சிருக்கான், பேரெல்லாம் எழுதிக்கிட்டான், வண்டி வந்ததும் சயாமுக்கு ஏத்தப் போறான்னாங்க. நான் மாரடிச்சுக்கிட்டு அங்க ஓடினேன். துப்பாக்கிக் கட்டையால நெஞ்சுல ஒரு இடி இடிச்சுத் தொரத்திவிட்டான்.

மறுநாள் அதிகாரி ஆளனுப்பினான். புதுசா மூணு கூடை, ருசி பார்க்க வான்னு. போனேன். மூணையும் பத்த வச்சேன், மூணையும் கீழே வச்சேன். "எது நல்லது?"ன்னு ராதாகிருஷ்ணன் கேட்டான்.

"தெரியல"ன்னேன். "எனக்கு வாய்தான். மூக்கு உங்க கொட்டாயில கிடக்கு. அதைக் கொண்டு வாங்க, சொல்றேன்."

அவன் அதை ஜப்பான் பாஷையில சொன்னான். அறை விழும்னு கன்னத்தை இறுக்கிக்கிட்டு நின்னேன். விழல. தப்பான சுருட்டு போனா அறை அதிகாரிக்குத்தானே? பேர் எழுதாத ஒரு சீட்டுல முத்திரை குத்தி ராதாகிருஷ்ணன் கையில கொடுத்தான். "தொப்பிக்காரன் ஒருத்தனை மட்டும் விடச் சொல்லியிருக்கார். ஒரே ஒருத்தன்தான் அக்கா"ன்னான் அவன், எனக்கு முன்னால நடந்துக்கிட்டே.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். மறைச்சு என்ன? என் புருஷனைக் கூப்பிடணும்னுதான் நெனைச்சேன். பேரைச் சொன்னா என்ன, வானமா இடிஞ்சு விழும்? அப்புறம் நானா முகம் வரும், அந்தக் கஞ்சிக் கிண்ணம் வரும். கடவுளே, எனக்கு ஏன் இந்தச் சோதனைன்னு அழுதுக்கிட்டே போனேன்.

கொட்டாய்க்கு உள்ளே இருட்டு. முள்ளுக்கம்பிக்கு அந்தாண்ட வரிசையா ஆளுங்க குந்தியிருந்தாங்க. காவல்காரன் சீட்டைப் பார்த்துட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னு சைகை காட்டினான். ஒருத்தன் போகணும், மத்தவங்க எண்ணிக்கை அப்படியே இருக்கணும், குறைஞ்சா அவன் தலை போயிடும். எங்க வீட்டுக்காரரும் நானாவும் ஒரே சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. எங்க வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். நான் வாயைத் தொறந்தேன். இத்தனை வருஷம் சொல்லாத பேரு, வரவே இல்லே. வந்தது வாய்க்குப் பழகின பேருதான்.

"மூசா நானா!"ன்னு கத்திட்டேன்.

எங்க வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நானா எந்திரிச்சார். எந்திரிச்சவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தலையில இருந்த தொப்பியைக் கழட்டி எங்க வீட்டுக்காரர் தலையில வச்சு, கக்கத்துல கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, "உன்னைத்தான் கூப்பிடறாங்க மூசா. போ"ன்னார்.

"நானா, என்ன இது"ன்னேன்.

"சத்தம் போடாதே"ன்னார். "நீ வழக்கம் போல இழு. இவன் சும்மா மோந்துக்கிட்டு நிக்கட்டும். இங்க இவன் பேரு கூப்பிட்டா நான் குரல் கொடுத்துக்கறேன். போ, வண்டி வந்துடும்." சொல்லிட்டு எங்க வீட்டுக்காரர் இருந்த இடத்துலயே உட்கார்ந்துக்கிட்டார்.

ராதாகிருஷ்ணனுக்கு ரெண்டு பேரையும் நல்லாத் தெரியும். எத்தனை தடவை கடையில வந்து நின்னிருக்கான். அவன் தொப்பியைப் பார்த்தான், தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தான். கைக்குட்டையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு, "சரி மூசா, வா"ன்னான். பயந்த பையன்னு சொன்னேனே, அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கறேன்.

அதிகாரி தொப்பியைத்தான் பார்த்தான். நாம எல்லாரும் அவனுக்கு ஒரே மூஞ்சிதானே. எங்க வீட்டுக்காரர் சுருட்டை வாங்கி, பத்தவைக்கிற பக்கமா வாயில வைக்கிற பக்கமான்னுகூடத் தெரியாம மோந்தார். நிலக்கரித் தூசியில அடைச்சுப் போன மூக்கு அது, மீன் கருவாடாகி நாறினாக்கூடத் தெரியாது. நான் இழுத்தேன். அடியில கையை விட்டு எடுத்து, காதுல வச்சு அமுக்கி, பலகையில வச்சுச் சாம்பலைப் பார்த்தேன். ரெண்டாவது கூடை. கையை அது மேல வச்சேன். கண்ணுல தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. சுருட்டு நல்ல காரம்னு அதிகாரி சந்தோஷப்பட்டான். எங்க வீட்டுக்காரர் கையிலயும் ஒரு பட்டி கட்டினான்.

அன்னிக்குச் சாயங்காலமே ரெயில் போயிடுச்சு.

அப்புறம் ஜப்பான்காரன் தோத்து ஓடற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் மூசா. தொப்பி இல்லாம வெளியே போக முடியாது. நாலு பேர் முன்னால நானும் அவரை 'மூசா மூசா'ன்னுதான் கூப்பிட்டேன். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாத புருஷனை அடுத்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிடற ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அறுந்துச்சு. வீட்டுக்கு வந்தா அவர் தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு மூலையில உட்கார்ந்துடுவார். சிரிக்கறதையே விட்டுட்டார். "நானா வந்ததும் முதல்ல இதைக் கொடுத்துடணும்"னு மட்டும் அப்பப்போ சொல்லுவார். நானும் "வருவார் வருவார்"ம்பேன். வேற என்ன சொல்ல?

சண்டை முடிஞ்சு, சயாமுக்குப் போனவங்க ஒருத்தர் ரெண்டு பேர் எலும்பும் தோலுமாத் திரும்ப ஆரம்பிச்சாங்க. ஒரு மத்தியானம் நானும் எங்க வீட்டுக்காரரும் கிழங்கு உரிச்சிட்டிருந்தோம். வாசல்ல ஒருத்தர் கம்பை ஊணிக்கிட்டு வந்து நின்னார். கால் பூரா புண்ணு. கிள்ளான் தோட்டத்துக்காரராம், பேரு கன்னையாவாம். எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, அவர் வீடு இதுதானேன்னு கேட்டார்.

"இதுதான்"னேன்.

"நல்லம்மாங்கறது நீங்களா தங்கச்சி?" கன்னையா அண்ணே படியில உட்கார்ந்துட்டார். "எனக்குச் சொல்லவே வாய் வரல. உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்மா. காட்டுல, போன வருஷம். பேதி. நான்தான் பக்கத்துல இருந்தேன். காலையில பேரு கூப்பிடறப்போ கடைசி நாள் வரைக்கும் சரியாக் குரல் கொடுப்பார். உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவார். பிரிக்பீல்ட்ஸ்ல நல்லம்மான்னு ஒருத்தி, பொல்லாத வாய், ஆனா சுருட்டு ருசி பார்க்க அந்த மாதிரி நாக்கு மலாயாவுலயே கிடையாதும்பார். அவகிட்ட நேர்ல சொன்னதில்லே, நீ போய்ச் சொல்லுன்னார்."

என் கையில இருந்த கத்தி கீழே விழுந்துச்சு. நான் வாசல்லயே உட்கார்ந்து தலையிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டு அழுதேன். அவர் அழ ஆளில்லேன்னாரே, அதுக்கும் சேர்த்து, புருஷனைப் பறிகொடுத்தவ அழற மாதிரியே அழுதேன். பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்தாங்க. கன்னையா அண்ணே பாவம், என்னைத் தேத்தத் தெரியாம எனக்குப் பின்னால பார்த்தார். எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு, ஆணியில இருந்த தொப்பியை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நின்னார்.

"நீங்க யாரு அண்ணே, இந்த வீட்டுக்குச் சொந்தமா?"ன்னு கன்னையா அண்ணே கேட்டார்.

"மூசா"ன்னார் எங்க வீட்டுக்காரர். அப்புறம்தான் அவரும் அழுதார்.